வண்டியில் விட்ட செருப்பு

மச்சான்,

இன்று மத்தியானம் தாம்பரம் பஸ் நிலையத்தில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. மே மாத வெயில். உள்ளங்கால் தாரில் பட்டதும் துள்ளிவிட்டேன். எதிரே காஞ்சிபுரம் பஸ். உன் நினைவு வராமல் இருக்குமா?

இப்படி ஒரு மே மாதத்தில்தான் நாம் அந்த பஸ்ஸில் போனோம். இறங்கியதும் நாள் வாடகைக்கு ஓர் ஆட்டோ பிடித்தோம். ஒவ்வொரு கோவில் வாசலிலும் செருப்புக்கு டோக்கன் வாங்கி நிற்க எனக்குப் பொறுமை ஏது? "ரெண்டு பேர் செருப்பும் வண்டியிலயே கெடக்கட்டும்" என்றேன். நீ மறுபேச்சு பேசவில்லை. என் அவசரத்துக்கு நாற்பது வருடம் ஈடுகொடுத்தவன் ஆயிற்றே.

மூன்றாவது கோவிலிலிருந்து வெளியே வந்தால் ஆட்டோவைக் காணோம். கூட்டம் தாங்காமல் போலீஸ்காரர் தெருவை அடைத்து வண்டிகளைத் திருப்பி அனுப்பியிருந்தார். டூரிஸ்ட் பஸ்களுக்கும் பட்டுச்சேலைக் கடைக் கூட்டத்துக்கும் நடுவே, உச்சி வெயிலில், வெறுங்காலோடு ஒரு மணி நேரம் தெருத்தெருவாக அலைந்துதான் வண்டியைக் கண்டுபிடித்தோம். நான் கடை நிழல் பார்த்துத் தாவித் தாவி ஓடினேன். நீயோ நடுத்தெருவில் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நிதானமாக வந்தாய்.

"இன்னாத்துக்கு மச்சான் குதிச்சிகினு போற? எனக்குச் சுடவே இல்லியே."

"உனக்கு எருமைத் தோலுடா" என்று சிரித்தேன். பதினைந்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவனுக்கு ஏன் சுடவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். பாவி, யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் உன் காலில் கொப்புளத்தைப் பார்த்தது உன் மனைவிதான். ஆடிக்குள் இரண்டு விரல்களை எடுத்தார்கள். தீபாவளிக்கு முன்னால் நீயே போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் நான் பக்கத்தில் இருந்தும் அந்தச் செருப்புப் பேச்சை நீ எடுக்கவில்லை. எனக்கோ பயம்.

பதினாறாம் நாள் காரியத்தன்று உன் மனைவி என்னிடம் அழுதாள். "'செருப்ப வண்டியில வுடலாம்னு நான்தான் சொன்னேன், அவன் வேணாம்னான்'னு சொன்னாருண்ணா. உங்க பேச்சக் கேட்டிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இன்று அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே உன் வீட்டுக்கு நடந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கதவைத் திறந்தவள் என் காலைப் பார்த்துப் பதறினாள். "இன்னாண்ணா இது, இந்த வெயில்ல வெறுங்காலோடவா வந்தீங்க?" உள்ளே ஓடி ஒரு ஜோடி செருப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அன்று ஆட்டோவில் கிடந்த உன் செருப்பு.

"போட்டுக்கங்கண்ணா. அவரு இருந்தா குடுத்திருக்க மாட்டாரா?"

போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், மச்சான். சொல்லவில்லை.