நிறம் ஏறாத மருந்து

என் கலாக்காவுக்கு,

நீ போன பிறகு நடந்த ஒரு செய்தி. நான் இப்போது வேலூரில், காசநோய்க்குப் புது மருந்து தேடுகிறவர்களுக்கு மூலக்கூறு செய்து தரும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். தினமும் ஆம்பூரிலிருந்து பஸ். பள்ளிகொண்டா தாண்டித்தான் உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்ததும் உன் ஞாபகம் வந்துவிடும்.

உன் காசநோய்க்குக் கொடுத்து உன்னைக் கருக்க வைத்ததே ஒரு சிவப்பு மாத்திரை, அதன் வம்சத்தோடுதான் மல்லுக்கட்டுகிறேன். கிருமி சாக வேண்டும், முகத்தில் நிறம் ஏறக் கூடாது. இது பேராசையா அக்கா?

உனக்கு அது நன்றாகத்தான் கேட்டது. இருமல் குறைந்து உடம்பு தேறியது. முகம் மட்டும் கருத்துக்கொண்டே போனது. ஷூ கம்பெனியில் பக்கத்து மெஷின் சரசு, "இன்னா கலா, இப்டி கருத்துட்ட? எதுனா சீக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். திருப்பத்தூரிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த வாரம் அது.

"இருமல மறைச்சிடலாம்டி. மூஞ்சிய எங்க கொண்டு போய் வெக்கிறது?" என்றாய். வீட்டுக் கண்ணாடியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாய். மாத்திரையை நிறுத்தியதை, நோய் முற்றித் திரும்பிய பிறகுதான் சொன்னாய். நிறம் வெளுப்பதற்குள் நீ போய்விட்டாய்.

இங்கே நிறத்தை எடுத்தால் வீரியம் போகிறது. வீரியத்தை வைத்துக்கொண்டால் நிறமும் கூடவே வருகிறது. குடுவையில் சிவப்பைப் பார்த்தாலே பேஜாராக இருக்கிறது.

போன வாரம் எலிகளைக் கவனிக்கும் நசீமா போன் செய்தாள். "மேடம், எலி வெள்ளையாவே இருக்கு! கொஞ்சங்கூட கலர் ஏறல." சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். நேற்று மீதி முடிவும் வந்தது. எலியின் நுரையீரலில் கிருமி அப்படியே இருக்கிறது.

"உயிர் பொழைச்சா போதாதா மேடம்? நிறத்த விட்டுடலாமே," என்றார் எங்கள் குழுத் தலைவர். நல்ல மனிதர்தான். இத்தனை நாள் அங்கே சொல்லாத உன் கதையை அப்போது சொன்னேன், சரசு கேட்டது உட்பட. கேட்டு முடித்ததும் அவர், "சரி, இன்னும் ஒரு வரிசை மூலக்கூறு செஞ்சு பாருங்க," என்றார்.

ஜெயித்த மாதிரி இல்லை அக்கா. அசதியாகத்தான் இருக்கிறது. அந்த வரிசையும் தோற்கலாம்.

ஆனாலும் நாளைக்கு மறுபடி ஆரம்பிக்கிறேன். மாத்திரை சாப்பிடுகிற எந்தப் பெண்ணும் வீட்டுக் கண்ணாடியைத் திருப்பி வைக்காத நாள் வரும் வரை, நிறம் பெரிய விஷயம்தான் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் நிறத்திலேயே பிறந்த தங்கச்சி,
வசந்தி