ஒரு கொம்பு குறைந்த தனக்கோடி

2.8.1998, ஞாயிறு

எழுத்து நொண்டுகிறது. வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகிறது. படிக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். படிக்கப்போவது நான் ஒருவன்தான். ஆகையால் என்னிடமே மன்னிப்புக் கேட்டு, நானே கொடுத்தும் விட்டேன்.

டைரி என் மகன் உத்தமன் கொடுத்தது. பொம்மனஹள்ளியில் சட்டை தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான். டைரி 1995-ஆம் வருடத்தது. கிழமை பொருந்தாது. அடித்து எழுதிக்கொள்கிறேன். அடிப்பதற்கும் எழுத்துத் தெரிய வேண்டுமே.

கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஆயுசு முழுக்கப் பார்சல் தூக்கினேன். எத்தனையோ ஊர்ப் பெயர்களைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன், என்ன ஊர் என்று தெரியாமல். இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். நேற்று பருப்புப் பொட்டலம் கட்டிய தாளைப் படித்தேன். மணமகள் தேவை என்று இருந்தது. எனக்குத் தேவையில்லை.

ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச்சுக்குப் பின்னால் ஓர் அறையில் பெர்னார்ட் சார் ஞாயிறுதோறும் எங்களைப் போன்ற கிழங்களுக்குத் தமிழ் சொல்லித் தருகிறார். இன்று, "வீட்டில் ஒருவர் பெயரை எழுதுங்கள்" என்றார். என் மனைவி பெயரை எழுதினேன்.

தனக்கொடி.

எழுதினேனே தவிர, வாயால் அவளை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலில் கூச்சம். பிறகு பழக்கம். "இந்தா" என்பேன். வருவாள்.

தாளை மடிக்காமல் பஸ்ஸில் பிடித்துக்கொண்டே வந்து அவளிடம் காட்டினேன். அவள் மூன்றாவது வரை படித்தவள்.

"யாருய்யா இது?"

"நீதான்."

"நான் இல்ல. இது கொடி. துணி காயப் போடறது."

'கோ'வுக்கு இரட்டைக் கொம்பாம். நான் போட்டது ஒற்றைக் கொம்பு. ஒரு சுழி விட்டதில் பெண்டாட்டி கயிறாகிவிட்டாள்.

3.8.1998

காலையில் ஈரத் துண்டை என் தோளில் எறிந்து, "போய் உன் தனக்கொடில போடு" என்றாள்.

9.8.1998, ஞாயிறு

கோடி என்றால் என்ன என்று பெர்னார்ட் சாரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பலகை நிறைந்துவிட்டது. நூறு லட்சம் ஒரு கோடி. தெரு முடியும் இடம் தெருக்கோடி. புதுத்துணி கோடி – அதைக் கல்யாணத்துக்கும் உடுத்துவார்கள், பிணத்துக்கும் போர்த்துவார்கள். ஏரி நிரம்பி வழிந்தால் கோடி போகிறது என்பார்கள்.

"இவ்வளவையும் ஒரு பொம்பள மேல ஏத்தி வெச்சிருக்கீங்களே" என்றார்.

"நான் ஏத்தல சார். மாமனார் ஏத்துனாரு. நான் இறக்கி வெச்சவன்."

சார் இன்னொன்றும் சொன்னார். தனம் என்றால் செல்வம். பொன்னம்மாள், முத்தம்மாள், தனக்கோடி எல்லாம் பெரும்பாலும் கூரை வீட்டில்தான் பிறந்தார்களாம். பெட்டியில் பொன் உள்ளவன் அதைப் பெண்ணின் பெயரில் வேறு ஏன் வைக்கப்போகிறான்? எனக்கு இது மிகவும் சரியாகப் பட்டது.

வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நீ தெருவின் முனை, ஏரியின் வாய் என்றேன்.

"அப்ப நீ போய்த் தெருக்கோடியிலயே படு."

16.8.1998

பேத்தி பிறந்தாள். ஆனேக்கல்லில். மருமகள் மமதாவின் தாய்வீடு அங்கேதான். எழுத்து இன்று இன்னும் நொண்டுகிறது. சந்தோஷத்தில் நொண்டினாலும் பழக்கமில்லாமல் நொண்டினாலும் தாளில் எல்லாம் ஒரே கோணல்தான்.

23.8.1998, ஞாயிறு

இன்று வகுப்பில் 'பேத்தி' எழுதினேன். பேத்தி என்பது பெயர்த்தியாம். பாட்டி பெயரைத் தாங்குகிறவள் என்பதால் பெயர்த்தி. பேரனும் அப்படித்தான். சொல்லுக்குள்ளேயே சட்டம் இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். சார், "உட்காருங்க, தேசிய கீதம் இல்ல" என்றார்.

சாயந்திரம் உத்தமனிடம் சொன்னேன். உன் முதல் பெண், உன் அம்மா பெயர், தமிழே சொல்லிவிட்டது. அவன் தலையைச் சொறிந்தான். அவன் அம்மா அடுப்படியில் பாத்திரத்தைத் தேவைக்கு மேல் தேய்த்துக்கொண்டிருந்தாள். காதை இங்கே வைத்திருந்தாள் என்று அர்த்தம்.

6.9.1998, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. ஆனேக்கல் போனோம். குழந்தைக்கு என் மூக்கு. பாவம்.

பெயர்ப் பேச்சை நானே எடுத்தேன். மமதா கன்னடத்துப் பெண், நல்ல பெண், மறைத்துப் பேசத் தெரியாது.

"அத்தை பேரு நல்ல பேருதான் மாமா. ஆனா இங்க எல்லாருக்கும் 'தன கொடி'ன்னு கேக்கும். கன்னடத்துல பணம் குடுங்கன்னு அர்த்தம். ஸ்கூல்ல டீச்சர் பேர் கூப்பிட்டா புள்ளைங்கல்லாம் கை நீட்டும். கிருத்திகான்னு வெக்கலாம்னு இருக்கேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"கிருத்திகாவே வை கண்ணு. இந்தப் பேரு என்னோடயே போவட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் அத்திபெலே தாண்டியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாத கதை.

அவள் நாலாவது பெண். பிறந்த அன்று சொந்தக்காரர்கள் கூடி, 'போதும்பொண்ணு'ன்னு பேர் வை, அடுத்தது பையனாய் வரும் என்றார்களாம். அவள் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர். ஏரி கோடி போன வருஷம் அது. "ஏரிக்கே போதும்னு சொல்லல, எம் பொண்ணுக்கு ஏன் சொல்லணும்? எனக்கு வந்தது கோடி" என்று தனக்கோடி என்று வைத்துவிட்டாராம்.

"அப்பா குடுத்தது அது ஒண்ணுதான். வேற நகை நட்டு எதுவும் இல்ல" என்றாள்.

இவளுக்கு அந்தப் பெயர் வேண்டும். கேட்க மாட்டாள். நான் என்ன செய்வது? எழுதத் தெரிந்தவன் ஏதாவது செய்ய வேண்டாமா?

27.9.1998, ஞாயிறு

சம்பந்தி கோவிந்தப்பா ஆள் அனுப்பினார். நவம்பர் முதல் தேதி தொட்டில். தட்டில் அரிசி பரப்பி அதில் குழந்தையின் பெயரை எழுதுவது அவர்கள் வீட்டு வழக்கமாம். அப்பாவின் அப்பாதான் எழுத வேண்டும். "தாத்தாவுக்கு இப்ப எழுத்து வருமாமே, தமிழ்லயே எழுதட்டும்" என்றாராம். ஆனேக்கல் வரைக்கும் என் பெருமை போயிருக்கிறது.

பெருமையெல்லாம் சரி. 'கிருத்திகா' எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கி எழுதி மேலே வளைத்து, ரு எழுதிக் கீழே வளைத்து, த்-துக்குப் புள்ளி வைத்து, மறுபடி மேலே. எழுத்தா இது, பார்சல் கட்டும் கயிறா? நான் எழுதியதைப் பார்த்து பெர்னார்ட் சார், "இது கிருமிகா" என்றார்.

ஆனால் 'தனக்கோடி' மட்டும் தூக்கத்திலும் வருகிறது. இரண்டு மாதமாக அதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கொம்பு மட்டும் அவ்வப்போது ஒன்று குறைகிறது.

25.10.1998

கிருத்திகா கிருத்திகா கிருத்தகா கிருதிகா கிரித்துகா. போகட்டும்.

1.11.1998, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். சிரிப்பு வந்து பேனா வழுக்குகிறது.

கூடம் நிறைய ஜனம். கோவிந்தப்பா வீட்டார் எல்லாம் பட்டு. நடுவில் தொட்டில், பக்கத்தில் பித்தளைத் தட்டில் அரிசி. என் கையில் மஞ்சள் கிழங்கைக் கொடுத்தார்கள். அதைக்கொண்டுதான் எழுத வேண்டும். எல்லோரும் என் விரலையே பார்த்தார்கள். பார்சல் தூக்கும்போது யாரும் என்னை இப்படிப் பார்த்ததில்லை.

கி என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். சத்தியம். கூட்டத்தின் ஓரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. விரலுக்குத் தெரிந்ததை விரல் எழுதிவிட்டது. எழுதி முடித்த பிறகுதான் நான் பார்த்தேன். விரல் மேல்தான் குற்றம்.

அதிலும் அவசரத்தில் கொம்பு ஒன்று குறைந்துவிட்டது.

உத்தமன் குனிந்து பார்த்தான். திகைத்துப்போய் உரக்கப் படித்துவிட்டான்:

"தனக்கொடி?"

கோவிந்தப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். 'தன கொடி' – பணம் கொடுங்கள் – என்று கேட்டிருக்கிறது. இது தமிழர் வழக்கம் போலிருக்கிறது, முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று முகத்தில் ஒரு சின்ன வருத்தம். மரியாதையாக மடியிலிருந்து நோட்டை எடுத்து அரிசி மேல் வைத்துக் கும்பிட்டார். சம்பந்தி வைத்தால் மற்றவர் விடுவாரா? அவர் தம்பி வைத்தார். தம்பி பெண்டாட்டி வைத்தாள். வரிசை வாசல் வரை போய்விட்டது. வாங்கத்தான் வந்த புரோகிதரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சில்லறை போட்டார். வீடியோ எடுத்தவன் கேமராவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் பாக்கெட்டைத் தடவினான்.

"மாவா, நில்லுங்க. அது பேரு. எங்கம்மா பேரு" என்று மாமனாரைப் பார்த்து உத்தமன் கத்தினான்.

எல்லோரும் அப்படியே நின்றார்கள். மமதா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பில் குழந்தையும் ஆடியது.

நான் எழுந்து கோவிந்தப்பாவிடம் போய் அவர் நல்ல காதில் எல்லாவற்றையும் சொன்னேன். ஏர் ஓட்டிய மாமனார், போதும்பொண்ணு, நிரம்பி வழிந்த ஏரி, குறைந்துபோன கொம்பு.

"ஏரி வழியறதா? கெரெ கோடியா?" என்றார் அவர். "எங்க ஊர்லயும் அதேதானே சொல்றோம். கோடி ஹரிஞ்சா, தண்ணி வழிஞ்சா, நாங்க பூவும் மஞ்சளும் எடுத்துகிட்டுப் போய்ப் பூஜை பண்ணுவோமே." தட்டைப் பார்த்தார். "பேரு எழுதி ஒரு நிமிஷம் ஆவல, தட்டு கோடி போயிடுச்சு. இத மாத்தறவங்க யாரு?"

புரோகிதர் மட்டும் மாற்றினாலும் பரவாயில்லை என்பதுபோல் தன் சில்லறையைப் பார்த்தார்.

மமதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, அந்த இன்னொரு சுழியையும் போட்டுருங்க. இல்லன்னா எல்லாரும் குடுத்துகிட்டே இருப்பாங்க" என்றாள்.

நோட்டுகளை ஒதுக்கி, கொம்பைச் சரியாகப் போட்டேன். கூட்டத்தின் ஓரத்தைப் பார்த்தேன். அவள் அங்கே இல்லை. சமையல் பக்கம் போய்விட்டாள். அங்கே கழுவ ஒரு பாத்திரமும் இல்லை. கழுவி வைத்ததையே எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கொம்பு போட்டியா?" என்றாள், திரும்பாமல்.

"ரெண்டும் போட்டேன்."

"ம்."

8.11.1998

முடிவு இது. பள்ளிக்கூடத்துக்குக் கிருத்திகா, வீட்டுக்குத் தனக்கோடி. பெர்னார்ட் சாரிடம் சொன்னேன். "எது முதல் பெயர்?" என்றார். எழுத வருவதுதான் முதல் பெயர் என்றேன்.

11.4.1999, ஞாயிறு

மமதா குழந்தையோடு இங்கே வந்தபின் ஒரு புதுத் தொல்லை. வீட்டில் அந்தப் பெயரைக் கூப்பிட ஆள் இல்லை. பெற்ற தாயின் பெயரைச் சொல்லி உத்தமன் எப்படி அதட்டுவான்? மாமியார் பெயரை மமதா சொல்லமாட்டாள். என் மனைவியோ, "எம் பேர நானே கூப்டுகினா பைத்தியம்னுவாங்க" என்கிறாள். அவர்கள் மூவரும் பாப்பா, பாப்பா என்கிறார்கள். பெயர் அரிசியோடு போய்விடும் போலிருந்தது. மிச்சம் நான் ஒருவன்.

இன்று மத்தியானம் குழந்தை தவழ்ந்து வாசற்படி வரை போய்விட்டது. வெளியே சாக்கடை. நான் நாற்காலியில் இருந்தேன், எழுந்திருப்பதற்குள் போய்விடுவாள். இந்தா என்றால் இவளுக்குப் புரியாது.

"தனக்கோடி" என்றேன்.

நன்றாகவே வந்தது. கோ நீளமாக, இரண்டு கொம்போடு.

குழந்தை நின்றது. திரும்பிப் பார்த்தது.

அடுப்படியிலிருந்து, "இன்னாய்யா?" என்று குரல் வந்தது. பின்னாலேயே அவளும் வந்தாள், கை ஈரமாக. என்னைப் பார்த்தாள், வாசலில் இருந்த சின்னதைப் பார்த்தாள். விஷயம் புரிந்தது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

"கூப்பிட்டல்ல. சொல்லு" என்றாள்.

இன்னொரு தரம் கூப்பிட்டேன். இரண்டு பேரும் பார்த்தார்கள்.

இதற்கு மேல் எழுத வரி இல்லை, பக்கம் தீர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அடுத்த பக்கத்தில் உட்காருவேன். அதற்குள் இந்த இரண்டு தனக்கோடியில் யார் எதைக் கவிழ்த்தார்கள் என்று எழுத நிறையச் சேர்ந்திருக்கும்.