அம்னாவின் கணக்கில் பதின்மூன்று கைகள்

2025 ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று நூற்றுத் தொண்ணூற்றைந்து படம் முடித்தேன். எல்லாம் பெயர் தெரியாத ஏதோ ஒரு நாட்டின் தெருக்கள். காருக்கு ஒரு பெட்டி, மனிதனுக்கு ஒரு பெட்டி, சைக்கிளுக்கு ஒரு பெட்டி என்று மௌஸால் கோடு போட வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டுநர் இல்லாத கார், ஆள் எது தெரு எது என்று படிக்கிறதாம். எனக்கு ஸ்கூட்டி லைசன்ஸே இரண்டாம் தடவைதான் கிடைத்தது. நான் காருக்குப் பாடம் எடுக்கிறேன்.

நூற்றெண்பது என்னுடைய கணக்கு. மிச்சம் பதினைந்து அம்னாவுடையது. அம்னாவின் மாப்பிள்ளை இருபது நாளுக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்தில் மௌத்தாகிவிட்டார். அவள் கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருக்கிறாள். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வர மாட்டாள். இங்கே படம் முடித்தால்தான் சம்பளம். அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அதனால் ஒவ்வொருவராக அவளுடைய மெஷினில் உட்கார்ந்து, அவளுடைய பெயரில் ஆளுக்குப் பதினைந்து படம் செய்கிறோம். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. மௌத்து வீட்டு வேலையை ஊர் எடுத்துச் செய்வது வழக்கம்தானே.

சுப்பவைசர் நான். பார்த்தும் பேசாமல் இருந்தேன். பேசாமல் என்ன, முதல் ஆளாகப் போய் உட்கார்ந்ததே நான்தான்.

மே 8, வியாழன்

அம்னாவின் சம்பளம் பாங்கில் விழுந்துவிட்டது. முழுசாக. நிலைய முதலாளி றிஸான் நானாதான் இரக்கப்பட்டுத் தருகிறார் என்று நினைத்து அவருக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்கிறாளாம். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

மே 19, திங்கள்

பதினான்கு திரையும் பூட்டு. சிவப்பு எழுத்தில் ஒரே வரி: சந்தேகத்துக்குரிய செயற்பாடு. கரண்ட் கோளாறு என்று பிளக்கைக் கழற்றி மாட்டிய மடைச்சி நான்.

பத்து மணிக்கு றிஸான் நானா படியேறி வந்தார். கீழே இருக்கும் புடைவைக் கடையும் மேலே இருக்கும் எங்கள் நிலையமும் அவருடையவை. வெளிநாட்டுக் கம்பனி கொழும்புக் கம்பனிக்கு வேலை கொடுக்கும், கொழும்பு அவருக்கு, அவர் எங்களுக்கு. அந்த வெளிநாட்டுக் கம்பனி இந்த வருடம் பங்குச் சந்தைக்குப் போகிறதாம். பணம் போடுகிறவர்கள் கேட்பார்கள் என்பதால், எங்கெங்கே போலி ஆட்கள் இருக்கிறார்கள் என்று துருவியிருக்கிறார்கள். மௌஸ் நகர்கிற விதத்தை வைத்தே கை வேறு என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடுமாம். அம்னாவின் கணக்கில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று கை.

சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. ஏன் என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை.

மே 20, செவ்வாய்

நானா ஒரு வழி சொன்னார்: "அம்னாதான் பாஸ்வேர்ட எல்லாருக்கும் குடுத்த எண்டு சொல்லுங்க. அவட கணக்க மட்டும் வெட்டுவாங்க. மத்தப் புள்ளையள்ட தொழில் மிஞ்சும்."

பதின்மூன்று வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்று நினைக்கிறார். அதில் பிழை சொல்ல முடியாது. ஆனா அவ கேட்டாளா? ஒரு வார்த்த கேட்டாளா? அவ பேர வெச்சு நாங்க செஞ்ச வேல. இப்ப அவட தலையிலயே கட்டுறதா? எப்பிடிகா அவட முகத்தப் பாக்கிற?

மே 22, வியாழன்

கொழும்புக் கம்பனியின் விசாரணை, வீடியோவில். கேட்டவர் சர்மிளா என்றொரு மிஸ். பேச்சைக் கேட்டதுமே மட்டக்களப்பு டவுன் ஆள் என்று தெரிந்தது. நானா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பாஸ்வேர்ட ஆர் குடுத்த?"

"நான்தான் மிஸ். எல்லார்ட பாஸ்வேர்டும் என்ட கொப்பியில எழுதி இரிக்கி."

இத்தா, பிள்ளைகள், பதினைந்து படம் - எல்லாவற்றையும் சொன்னேன். படத்தில் பிழை இருந்தால் காட்டுங்கள் என்றும் சொன்னேன், கோபத்தில்.

"படம் சரி, முப்லிஹா. ஆள்தான் பிழை. கம்பனிக்கு ரெண்டும் சரியா இருக்கோணும்."

நானா எழும்பிப் படியிறங்கிப் போனார். பதினான்கு பேரின் வேலையும் என் வாயால் போகப்போகிறது. பயமாக இருக்கிறது.

மே 25, ஞாயிறு

சர்மிளா மிஸ் தன் சொந்த நம்பரிலிருந்து போன் எடுத்தார். "இத நான் சொன்னதா இருக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்டு எழுதாதீங்க. லீவு கேட்டு எழுதுங்க. அவங்க பங்கு விக்கப் போறாங்க. வேலை செய்யிற ஆக்கள நல்லாப் பாக்கிறம் எண்டு பங்கு விக்கிற புத்தகத்தில போட அவங்களுக்கும் ஏதாவது வேணும். வித்து முடிஞ்ச பிறகு கேட்டா ஆர் காது குடுப்பா?"

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்கிறார். இந்தக் காற்று எந்த நாட்டில் வீசுகிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

மே 27, செவ்வாய்

அம்னா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னோம்.

"அப்ப நான் நானாக்குக் கேட்ட துஆவெல்லாம்?"

"அது அவருக்கே இரிக்கட்டும். தேவைப்படும்."

சிரித்தாள். அவள் சிரித்து ஒன்றரை மாதம்.

கடிதம் ஒரு பக்கம்தான். நாங்கள் செய்தது உங்கள் சட்டப்படி பிழை. மௌத்து வீட்டிடம் வேலை கேட்பது எங்கள் வழக்கப்படி பிழை. உங்கள் சட்டத்தில் துக்கத்துக்கு ஓர் இடம் போடுங்கள், முழுச் சம்பளத்தோடு லீவு தாருங்கள். பிறகு ஒருத்தியின் கணக்கில் இன்னொருத்தியின் கை வராது. முதல் கையெழுத்தை அம்னா போட்டாள்.

ஜூன் 3, செவ்வாய்

பெருநாளுக்கு நான்கு நாள். பதில் இல்லை. பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

திறந்துவிட்டார்கள்!

அம்னாவின் பழைய கணக்கு மூடியது மூடியதுதான். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. ஆனால் துக்க லீவு உண்டு. கணவனோ மனைவியோ இறந்தால் நூற்று முப்பது நாள், பாதிச் சம்பளம். தாய் தகப்பன் என்றால் பத்து நாள், முழுச் சம்பளம். அம்னாவுக்கு இன்றிலிருந்தே. எங்களுக்கு மட்டுமல்ல, அவர்களிடம் வேலை எடுக்கிற எல்லா நாட்டு நிலையங்களுக்கும்.

மீன்காரன் விலை சொல்வதுபோல் கூட்டிக் கேட்டிருக்க வேண்டும். முழுச் சம்பளத்துக்கு மேலே கேட்டிருந்தால் முக்கால்வாசியாவது வந்திருக்கும்.

அவர்களுடைய புத்தகத்தில் இது நிர்வாகத்தின் தூரநோக்கு என்று வருமாம். வரட்டும். பெயர் அவர்களுக்கு, லீவு எங்களுக்கு. நானா ஒரு கிலோ மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு படியேறினார். அவரும் பயந்துதான் இருந்திருக்கிறார், பாவம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அம்னா வேலைக்கு வந்தாள். புதுக் கணக்கு, அவளுக்கு மட்டுமே தெரிந்த பாஸ்வேர்ட். இப்போது யாருடையதும் என் கொப்பியில் இல்லை. வந்து உட்கார்ந்து அரை மணி நேரம் இருக்காது, செய்தி வந்தது: எங்களில் ஆக இளையவளான இனாயாவின் வாப்பா மௌத்து.

அம்னா எழும்பிப் போய் இனாயாவின் மெஷினில் உட்கார்ந்தாள். மௌஸில் கையை வைத்தாள்.

"ராத்தா, இவட பாஸ்வேர்ட் என்ன?"

"எனக்குத் தெரியா. அவக்கு லீவு இரிக்கி, அம்னா. பத்து நாள். சம்பளத்தோட."

கையை எடுக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்ப நாங்க என்ன செய்யிற?"

லுஹர் தொழுகைக்குப் பிறகு நிலையத்தைப் பூட்டிவிட்டு, எல்லோருமாகச் சோறாக்கி, சட்டியைத் தூக்கிக்கொண்டு இனாயா வீட்டுக்குப் போனோம். முன்னால் அம்னா நடந்தாள்.