வெள்ளரிக்குளத்து மண்

பதிவு 1. 2068 மார்ச் 5, காலை 7.10
வெள்ளரிக்குளம். மூடப்பட்ட விவசாய நிலம், 640 ஏக்கர். ஆய்வாளர் ஜெயசீலி, மண் வேதியியல். துணைக்கு யாரும் இல்லை. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ரசாயன ஆலையிலிருந்து நச்சுக் கரைப்பான் கசிந்து ஊரே காலியானது. அதைத் தின்பதற்காக மண்ணில் ஒரு நுண்ணுயிரியைத் தெளித்துவிட்டு ஆலையையும் மூடினார்கள். என் வேலை நாற்பது குழிகளில் மண் எடுப்பது. நிலம் சுத்தமென்றால் 112 குடும்பங்கள் திரும்பி வரும்.

பதிவு 2. மார்ச் 6, மாலை 4.30
இருபத்திரண்டு குழிகள் முடிந்தன. கரைப்பான் எதிலும் இல்லை. கருவியில் கோளாறோ என்று மூன்றை மறுபடி பார்த்தேன். அதே முடிவு. புல் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. ஆனால் ஓர் எறும்புகூடக் கண்ணில் படவில்லை.
ஊர்க்காரர்கள் காத்திருக்கும் முகாமிலிருந்து சவரிமுத்து வானொலியில் வந்தார். இந்த ஊர்க்காரர். ஊரைவிட்டுப் போகும்போது அவருக்கு வயது பதினெட்டு.
"என்ன மேடம், எங்க மண்ணு என்ன சொல்லுது?"
"இன்னும் பாதி இருக்குண்ணே. பொறுங்க."
"இருபத்தாறு வருசம் பொறுத்தாச்சு. இன்னும் ரெண்டு நாளுதான?"

பதிவு 3. மார்ச் 7, காலை 10.15
வெயிலுக்கு ஒரு வீட்டில் ஒதுங்கினேன். சுவரில் மின்கம்பிகள் வெறும் செம்பாகத் தொங்குகின்றன. மேல் உறை இல்லை. குளியலறையில் வாளியின் கம்பிப் பிடி மட்டும் கிடக்கிறது. வாசலில் செருப்பு வாரின் இரும்புக் கொக்கிகள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். செருப்பு இல்லை. திருடர்கள் என்றால் செம்பை விட்டிருக்க மாட்டார்கள்.

பதிவு 4. அதே நாள், பிற்பகல் 2.40
நுண்ணோக்கியில் பார்த்துவிட்டேன். அந்த உயிரி சாகவில்லை. கரைப்பான் தீர்ந்த பிறகு பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் தின்னப் பழகியிருக்கிறது.
இடது கையுறை கட்டைவிரலில் கரைந்திருந்தது. விரல் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறது. பென்சிலால் குத்திப் பார்த்தேன். வலி தெரியவில்லை.

பதிவு 5. மார்ச் 8, காலை 8.20
வெளுப்பு முழங்கைக்கு வந்துவிட்டது. தோலின் கொழுப்பைத் தேடிப் போகிறது என்று நினைக்கிறேன். வண்டியின் டயர்கள் கூழாகிவிட்டன. வண்டி ஓடினாலும் நான் வெளியே போகக் கூடாது; இதையும் கூடவே கொண்டுபோய்விடுவேன்.
நேற்றெல்லாம் எடுக்காத வானொலியில் இன்று உயிர் கொஞ்சம் இருந்தது. பேசினேன்.
"சவரி அண்ணே, கேக்குதா? மண்ணுல அந்த நஞ்சு இல்ல. ஆனா..."
அவர் குறுக்கே கத்தினார். "ஏலேய், நஞ்சு இல்லையாம்லே! வண்டிய எடுங்கலே!" பின்னால் பெண்களின் குலவை. அதோடு நின்றுபோனது.
செத்த பெட்டியிடம் "வராதீங்க, வராதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முதலில் முடிவு, பிறகு எச்சரிக்கை. இருபது வருடம் அறிக்கை எழுதிய பழக்கம். முதல் வார்த்தையாக அதையல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

பதிவு 6. காலை 10.50
அவர்களைத் தடுக்கக் கேட்டை நோக்கி நடந்தேன். முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி போய் விழுந்துவிட்டேன். கேட் இருநூறு மீட்டரில் தெரிகிறது. தவழ்கிறேன். குரல் எழும்பவில்லை.

பதிவு 7. 11.30
லாரிகள். நாலு. இல்லை, ஆறு.
ஒரு தாளில் பெரிதாக 'வராதீர்கள்' என்று எழுதித் தூக்கிக் காட்டினேன். தூரத்தில் படிக்க முடியவில்லை போலிருக்கிறது. அவர்களும் கையசைக்கிறார்கள்.

11.36
சவரிமுத்து பூட்டை உடைத்துவிட்டார். உள்ளே வந்து மண்டியிடுகிறார். மண்ணை அள்ளி நெற்றியில் பூசுகிறார். அழுகிறார். என்னை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை

பெண்கள் இறங்குகிறார்கள் இடுப்பிலிருந்த பிள்ளைகளைத் தரையில்