முதுகு வலி: இல்லை

செவ்வாய், இரவு

இதை எழுதிவைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். தூக்கம் வரவில்லை.

இன்று என் ஆய்வுக்காக ஆஸ்பத்திரிச் சிற்றூழியர்களின் உயரத்தை அளந்தேன். அம்மாவும் வரிசையில் வந்தார். பின்னால் நின்ற செல்வி அக்கா சிரித்தார்: "மக அளக்குறா, ரெண்டு அங்குலம் கூடத்தான் வரும்!"

உயரத்தைக் குறித்துவிட்டு, "முதுகு வலி இருக்கா?" என்று படிவத்தைப் பார்த்தே கேட்டேன்.

"இல்லைங்க மிஸ்," என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் "இல்லை" என்று எழுதினேன். நேற்று இரவும் அந்த முதுகுக்குத் தைலம் தேய்த்தவள் நான்.

பதுளையிலிருந்து தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏன் என்று கேட்டேன்.

"வலின்னா வேலையை விட்டு நிப்பாட்டிருவாங்கடி. நோயாளியைத் தூக்க முடியாதவ எதுக்குன்னு கேப்பாங்க. நாங்க எல்லாருமே அப்படித்தான் சொன்னோம்."

படிவத்தில் பெயரே இல்லை. அலுவலகம் அதைப் பார்க்கப் போவதும் இல்லை. முதலிலேயே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். இருபது பேரைப் பார்த்ததும் கூச்சத்தில் அதை விழுங்கிவிட்டேன். நாளை மறுபடி கேட்டாலும் என்னை நம்பமாட்டார்கள்.

அம்மா ஒருக்களித்துத் தூங்குகிறார். பஸ்ஸில் கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன்: அம்மா, நாளைக்கு எல்லார் முன்னாடியும் நீங்களே முதல்ல வலிக்குதுன்னு சொல்லுங்க.