மூன்றாம் முகத்தில் ஆறு வார்த்தை

ஜூன் 3, 2024. சித்தூர்

இன்று அச்சகத்தில் வரலாறு நடந்தது. மாங்கூழ் டின் லேபிள்களை வெட்டும்போது ஓரத்தில் விழும் காகித நாடாவை மடித்து, இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நான் கண்டுபிடித்த அறுகோணம் – முன்னால் ஒரு முகம், பின்னால் ஒரு முகம், கிள்ளித் திறந்தால் உள்ளிருந்து மூன்றாவது – அதை மாங்கூழ் கம்பெனிக்காரர் பார்த்து வாய் பிளந்தார். அந்த வாய்க்குள் லாரியைத் திருப்பி நிறுத்தலாம். வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க முந்நூறு வேண்டுமாம்.

"மூணாவது முகத்துல 'கண்டுபிடித்தவர் தங்கவேலு'ன்னு போட்டுடலாம்" என்றார் முதலாளி புருஷோத்தமன்.

உலகத்து லேபிளையெல்லாம் வெட்டிய கை இது. ஒன்றிலாவது என் பெயர் இருந்ததா?

ஜூன் 5

முதலாளி மகள் நந்திதா போனை நீட்டினாள். "மாமா, இத 1939லயே ஒரு இங்கிலீஷ்காரர் கண்டுபிடிச்சிட்டாரு. அமெரிக்காவுல படிச்சிக்கினு இருந்தப்போ."

"யாரைக் கேட்டுக் கண்டுபிடிச்சான்?"

"நீங்க அப்ப பொறக்கவே இல்ல."

"அதான் சொல்றேன். நான் இல்லாத நேரமா பாத்து செஞ்சிக்கிறான்."

முதலாளி சிரிக்கவில்லை. "பேரை எடுத்துடு. வம்பு இன்னாத்துக்கு? அந்த முகம் காலியா இருக்கட்டும்."

ஜூன் 6

சாப்பாடு இறங்கவில்லை. ஏழு இட்லிதான்.

ஜூன் 8

அந்த இங்கிலீஷ்காரர் கதையை நந்திதாவையே படித்துக் காட்டச் சொன்னேன். அமெரிக்கத் தாள் அவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுபோன ஃபைலைவிட அகலமாம். ஓரத்தை வெட்டியிருக்கிறார். விழுந்த துண்டைச் சும்மா மடித்திருக்கிறார். அடப்பாவி, நம்ம ஆளு! குப்பைக்குப் போவதைப் பொறுக்கினவர்.

அவர்மேல் கோபம் போய்விட்டது. முதலாளிமேல் போகவில்லை. அவர் முதலில் கண்டார், சரி. அதுக்காக நான் கண்டது பொய்யா? எனக்கு எவன் சொல்லிக் குடுத்தான்? எழுதத்தான் போறேன். இன்னா பண்ணிடுவாரு? வேலைய விட்டுத் தூக்குவாரா? தூக்கட்டும்.

ஜூன் 11

முந்நூறும் மடித்து ஒட்டியாயிற்று. ஒவ்வொன்றையும் கிள்ளித் திறந்து, மூன்றாம் முகத்தின் ஆறு முக்கோணத்திலும் பேனாவால் வார்த்தைக்கு ஒன்றாக எழுதினேன்:

1939 – அமெரிக்காவில் – ஒருவர். 1998 – சித்தூரில் – தங்கவேலு.

மூடினேன். பெட்டி கம்பெனிக்குப் போய்விட்டது.

ஜூன் 19

ஒரு சத்தமும் இல்லை. முந்நூறு பேரில் ஒருவனுக்குக்கூடவா கிள்ளத் தெரியவில்லை?

ஜூன் 20

முதலாளி அறுகோணம் ஒன்றைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே வெட்டு மிஷினுக்கு வந்தார். "ஏமய்யா, மூணாவது முகம் எப்படித்தான் வருது? வீட்ல மானம் போவுது."

மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வேலை பத்திரமாக இருந்திருக்கும். கிள்ளித் திறந்து அவர் கையிலேயே வைத்தேன்.

ஆறு வார்த்தையைப் படிக்க ஒரு யுகம் எடுத்துக்கொண்டார். மூடினார். தானே கிள்ளித் திறந்தார். மறுபடி படித்தார்.

"எழுத்து கேவலமா கீது. கம்பெனி இன்னும் ஐநூறு கேக்குது. அச்சுல போடச் சொல்லு."

ஜூன் 24

ஆறு வார்த்தையும் ஓரத்தில் அச்சாகி முதல் தாள் வந்தது. இன்று ஓரத்தை மிகவும் பார்த்து வெட்டினேன்.