வலது புருவம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. சுகமாக இருக்கிறாயா? குளிரில் காதைத் திறந்து போட்டுக்கொண்டு திரியாதே. உனக்குச் சளி பிடித்தால் லேசில் போகாது. இங்கே சண்டை நின்று ஏழு மாதம் ஆகிறது. வாடகை அறைதான். கூரை ஒழுகுகிறது, கூரை என்று ஒன்று இருக்கிறதே, அது போதும்.

உன் அத்தான் மறுபடி தூரிகை எடுத்தார். தண்ணீர் வரிசையில் குண்டு விழுந்து நம் வாலுப் பையன் போனதிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்த மனுஷர், போன மாதம் பழைய கடை போர்டு ஒன்றைத் தூக்கி வந்து, பின்பக்கத்தைச் சுரண்டி வெள்ளையடித்து, பிள்ளை முகத்தை வரைய ஆரம்பித்தார். இத்தனை வருஷம் கடைப் பெயர் எழுதிய கை, தம்பி! அந்தத் திருட்டு முழி அப்படியே வந்தது. பெற்ற வயிறு பற்றி எரிந்தது. ஆனால் அவர் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினார்.

என் வாய் சும்மா இருந்ததா? குழாயில் இடித்துக்கொண்ட தழும்பு வலது புருவத்தில் அல்லவா, இடது பக்கம் போட்டிருக்கிறீர்களே என்றேன். ரத்தம் நிற்கும்வரை துணி வைத்து அழுத்தியவள் நான். அவர், எம் புள்ள மூஞ்சியே எனக்கு மறந்துபோச்சா என்று கேட்டுவிட்டுத் தூரிகையை வைத்தவர்தான். நாலு நாளாக ஒரு வாய் இறங்கவில்லை.

நேற்றுத் தலை வாரும்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் பிள்ளைக்குப் பின்னால் நின்று, கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிவிட்டவர் அவர். கண்ணாடியில் வலம் இடமாகக் கண்ட முகத்தைத்தான் வரைந்திருக்கிறார்.

அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அன்று காலையும் அப்படி வாரிவிட்டு, போய் வரிசையில நில்லுடா, அப்பா பின்னாடியே வரேன் என்று அனுப்பியவர் அவர்தானே. கண்ணாடிப் பேச்சை எடுத்தால் அந்தக் காலையும் கூடவே வந்துவிடும்.

எனக்குத்தான் ஞாபகப் பிசகு என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. உன் தம்பிகிட்ட போட்டோ இருக்குல்ல, கேளு என்கிறார். வீட்டோடு எல்லாப் படமும் எரிந்தபின், நீ புறப்பட்ட அன்று அவனைத் தோளில் வைத்துக்கொண்டு எடுத்தாயே, அது ஒன்றுதான் மிச்சம்.

அதை அனுப்பாதே. வீடு மாறியதில் தொலைந்துவிட்டது, ஆனால் தழும்பு இடது புருவத்தில்தான், நன்றாக நினைவிருக்கிறது என்று அவர் பெயருக்கே ஒரு கடிதம் போடு. உன்னைப் பொய் சொல்லச் சொல்லி அக்கா கேட்பது இதுவே முதல் தடவை. அவரையும் இழக்க என்னால் முடியாதடா.

நீ நூறு வயசு நன்றாக இரு. படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். எனக்காக அதில் ஒரு முத்தம் கொடு, வலது புருவத்தில்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அக்கா